டென்ஷனர் புல்லி சத்தம் போட்டால் எதை மாற்றுவது?

வாகனப் பராமரிப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 2010ஆம் ஆண்டு வாங்கிய டீசல் கார் ஒன்றை வைத்திருக்கிறேன். இதுவரை 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சில மாதங்களாகக் காலையில் வண்டியை எடுக்கும்போது என்ஜினின் வலப்பக்கத்திலிருந்து கரகரவென்று சத்தம் வருகிறது. ஏசியைப் போட்டால் அது கூடுகிறது. கொஞ்ச தூரம் ஓடிய பிறகு குறைகிறது. ஒரு வருடத்துக்குள் இரண்டு முறை பேன் பெல்ட் மாற்றியும் பயனில்லை. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரில் உள்ள புல்லியை (பெல்ட் ஓடும் சக்கரத்தை) மட்டும் மாற்றினால் போதும் என்கிறார் ஒரு மெக்கானிக். டென்ஷனரையே முழுதாக மாற்ற வேண்டும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி? இந்த வேலையை வீட்டிலேயே செய்துகொள்ள முடியுமா? அதுவரை வண்டியை ஓட்டலாமா?
– வாசகர், மேடவாக்கம்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் பேரிங் (புல்லி தடையின்றிச் சுழல உதவும் குண்டு வளையம்) தேய்ந்ததற்கான அறிகுறிகளாகவே தெரிகின்றன. ஆகவே பக்கத்தில் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோவதைத் தவிர வேறு எதற்கும் இந்த வண்டியை எடுக்காதீர்கள். திண்டிவனம், விழுப்புரம் என்று நெடுஞ்சாலைப் பயணம் எதுவும் வேண்டாம். தேய்ந்த பேரிங் பல வாரங்கள் சத்தத்தோடு ஓடும். பிறகு ஒரு நாள் இறுகி நின்றுவிடும் அல்லது உடைந்து புல்லியே கழன்றுவிடும். புல்லி நின்றுவிட்டால் அதன் மேல் ஓடும் பெல்ட் சூடேறிக் கருகி அறுந்துபோகும். பெல்ட் அறுந்தவுடன் பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் ஆல்டர்னேட்டர் நிற்கும், மீட்டரில் பேட்டரி விளக்கு எரியும். ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் ஸ்டீயரிங் கனத்துவிடும். வாட்டர் பம்ப் இதே பெல்ட்டில் ஓடும் என்ஜினாக இருந்தால் சில நிமிடங்களிலேயே சூடு எல்லை மீறும்.

பழைய டீசல் வண்டிகளில் இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. டீசல் என்ஜினில் மிதிக்கும் விசையைப் பெருக்கும் பிரேக் பூஸ்டருக்குத் தேவையான வெற்றிடத்தைத் தனியாக ஒரு வேக்கூம் பம்ப்தான் உண்டாக்குகிறது. அந்தப் பம்ப்பை ஆல்டர்னேட்டரின் பின்பக்கத்திலேயே பொருத்தியிருக்கும் வண்டிகள் நம் சாலைகளில் இன்னும் ஏராளமாக ஓடுகின்றன. அத்தகைய வண்டியில் பெல்ட் போனால், சில முறை மிதித்த பிறகு பிரேக் பெடல் கல்லாக இறுகிவிடும். வால்வுகளை உரிய நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட்டும் இதே பக்கத்தில் இருக்கும் என்ஜின்களில் மற்றோர் ஆபத்தும் இருக்கிறது: அறுந்த பெல்ட்டின் நூல் கிராங்க் (என்ஜினின் முக்கியச் சுழல் தண்டு) புல்லியைச் சுற்றிக்கொண்டு டைமிங் மூடிக்குள் இழுக்கப்பட்டால், ஒரு சிறிய புல்லியில் தொடங்கிய கோளாறு வால்வுகள் வளைந்து என்ஜினைப் பிரிக்கும் செலவில் போய் முடியும். ஆகவே பேட்டரி விளக்கு எரிந்தவுடன் வண்டியை ஓரம் கட்டி என்ஜினை நிறுத்திவிடுங்கள். அடுத்த பட்டறை வரை ஓட்டிப் பார்ப்போம் என்று எண்ண வேண்டாம்.

இனி, எதை மாற்றுவது என்ற கேள்வி. நாம் பழக்கத்தில் பேன் பெல்ட் என்று சொல்லும் இந்தப் பட்டை கிராங்க் புல்லியிலிருந்து ஆற்றலை வாங்கி ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரசர் போன்றவற்றைச் சுழற்றுகிறது. அந்தப் பட்டை நழுவாமல் எப்போதும் ஒரே இறுக்கத்தில் இருக்கும்படி, சுருள்வில்லின் விசையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பது டென்ஷனர். டென்ஷனரில் தேய்பவை மூன்று: புல்லிக்குள் இருக்கும் பேரிங், டென்ஷனரின் கை (புல்லியைத் தாங்கும் தண்டு) அசையும் இடத்தில் உள்ள புஷ், கையின் ஆட்டத்தை அடக்கும் உராய்வுப் பட்டை. உங்கள் இரண்டு மெக்கானிக்குகளும் வெவ்வேறு யோசனை சொல்வதற்கு இதுதான் காரணம். பேரிங் மட்டும் போயிருந்தால் முதலாமவர் சொல்வது சரி. மற்ற இரண்டில் ஒன்று தேய்ந்திருந்தாலும் இரண்டாமவர் சொல்வதே சரி. பெல்ட்டைக் கழற்றிக் கையால் தொட்டுப் பார்க்காமல் இருவருமே தீர்ப்புச் சொல்ல முடியாது.

டீசல் வண்டியில் இந்தப் பாகம் ஏன் சீக்கிரம் தேய்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பெட்ரோல் என்ஜினில் அழுத்த விகிதம் (சிலிண்டருக்குள் காற்று எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பது) ஏறத்தாழ 10 என்றால், பழைய டீசல் என்ஜின்களில் அது 16 முதல் 22 வரை இருக்கும். நான்கு சிலிண்டர் என்ஜினில் கிராங்க் ஒரு சுற்று சுற்றுவதற்குள் இரண்டு முறை எரிபொருள் பற்றுகிறது. ஒவ்வொரு முறையும் கிராங்க் ஒரு கணம் வேகமெடுத்து, அடுத்த அழுத்தத்தின்போது தயங்குகிறது. உள்ளே சுழலும் கனமான ரோட்டரைக் கொண்ட ஆல்டர்னேட்டரோ அந்த வேகத்துக்கும் தயக்கத்துக்கும் உடனுக்குடன் ஈடுகொடுக்காது. இடையில் அகப்பட்ட பெல்ட் ஒரு கணம் விறைக்கிறது, மறு கணம் தளர்கிறது. நிமிடத்துக்கு 800 சுற்றில் ஐட்லிங்கில் நிற்கும்போதே வினாடிக்கு ஏறத்தாழ 27 முறை நடக்கும் இந்த இழுபறியை வாங்கிக்கொள்வது டென்ஷனரின் கைதான். இதற்கு மேல் நம் ஊர் வெயிலும், ராஜீவ் காந்தி சாலையில் ஏசியைப் போட்டபடி நகராமல் நிற்கும் நேரங்களும் சேர்ந்து பேரிங்கில் இருக்கும் கிரீஸைக் காய்ச்சிவிடுகின்றன. அது தொழிற்சாலையில் ஒரு முறை அடைத்து மூடப்பட்ட கிரீஸ். பிறகு ஊட்டுவதற்கு வழி கிடையாது. புல்லியின் விட்டம் கிராங்க் புல்லியின் விட்டத்தில் பாதி என்று வைத்துக்கொண்டால், என்ஜின் 2,500 சுற்றில் ஓடும்போது அது 5,000 சுற்று சுற்றுகிறது. ஜிஎஸ்டி சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டினால் மூன்று லட்சம் சுற்று ஆகிறது.

சோதனையை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் என்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது பெல்ட்டின் வரிகள் உள்ள பக்கத்தில் சில சொட்டுத் தண்ணீரைத் தெளியுங்கள். வேட்டி நுனி, துப்பட்டா, தொங்கும் ஐடி கார்டு எதுவும் அருகில் வரக் கூடாது. கையையும் தள்ளியே வையுங்கள். சத்தம் உடனே மாறினால் பெல்ட்டின் பக்கம் சந்தேகப்படலாம். மாறவே இல்லையென்றால் பேரிங்காக இருக்கவே வாய்ப்பு அதிகம். அடுத்து என்ஜினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ஒரு நிமிடத்துக்கும் குறைவாக என்ஜினை ஓட்டிப் பாருங்கள். சத்தம் அடியோடு நின்றுவிட்டால் குற்றவாளி பெல்ட் ஓடும் பாதையில்தான் இருக்கிறது. மறுபடியும் நிறுத்திவிட்டு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றுங்கள். எனக்கு மிகவும் நம்பிக்கையான சோதனை இதுதான். நல்ல பேரிங், உள்ளே கிரீஸ் இருப்பதால், லேசான தடையோடு வழுவழுவென்று சுற்றி உடனே நின்றுவிடும். விரல் நுனியில் மணல் நெருடுவதுபோல் தெரிந்தால் அது போய்விட்டது. தட்டிவிட்டவுடன் சரசரவென்று வெகுநேரம் சுற்றிக்கொண்டே இருந்தாலும் அது போய்விட்டதுதான். தடையில்லாமல் சுற்றுகிறதே என்று பலர் இந்த இடத்தில் ஏமாந்துவிடுகிறார்கள். உள்ளே கிரீஸ் காய்ந்து தீர்ந்துவிட்டதால்தான் அப்படிச் சுற்றுகிறது. புல்லியின் நடுவில் சீலைச் சுற்றித் துருநிறத்தில் பொடி படிந்திருக்கிறதா என்றும், இரண்டு விரல்களால் விளிம்பைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏசி போட்டால் சத்தம் கூடுவதால், கம்ப்ரசர் புல்லியின் பேரிங்கையும் அப்போதே சுற்றிப் பார்த்துவிடுவது நல்லது.

புல்லிக்குப் பிறகு டென்ஷனரின் கையைச் சோதியுங்கள். ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் அது சீரான எதிர்ப்போடு நகர்ந்து, விட்டவுடன் தங்குதடையின்றித் திரும்பி வர வேண்டும். நடுவில் சிக்கினாலோ, முன்னும் பின்னுமாகச் சாய்ந்தாடினாலோ புஷ் தேய்ந்துவிட்டது. பெல்ட் மாட்டிய நிலையில் என்ஜின் ஓடும்போது கை லேசாக அதிர்வது இயல்பு. கண்ணுக்குத் தெரியும்படி தடதடவென்று துள்ளினால் உராய்வுப் பட்டை தீர்ந்துவிட்டது. பழைய புல்லியின் மேற்பரப்பில் பெல்ட் நடுவில் ஓடாமல் ஓரமாக ஓடிய தடம் பளபளப்பாகத் தெரிந்தால் கை சாய்ந்திருக்கிறது என்று பொருள். இவற்றில் ஒன்று இருந்தாலும் டென்ஷனரை முழுதாக மாற்றிவிடுங்கள். சாய்ந்த கையில் புதுப் புல்லி போட்டால் அந்தப் புல்லியும் பெல்ட்டும் ஒருசேர வீணாகும். உங்கள் வண்டியில் ஒரு வருடத்துக்குள் இரண்டு பெல்ட் போயிருப்பதைப் பார்த்தால், பார்க்காமலே தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று மேலே எழுதியதையும் மீறி, முழு டென்ஷனருக்குத் தயாராக இருங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

வீட்டில் செய்ய முடியுமா என்றால், ஸ்பேனர் பிடித்துப் பழகியவருக்கு இது அரை நாள் வேலை. என்ஜின் முழுதாக ஆறிய பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். பெல்ட் எந்தப் புல்லிக்கு மேலே, எதற்குக் கீழே போகிறது என்பதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்காதவர்கள் பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றிருக்கிறார்கள். பெரும்பாலான வண்டிகளில் வலது முன் சக்கரத்தைக் கழற்றி, உள்புறப் பிளாஸ்டிக் தடுப்பையும் எடுத்தால்தான் கை நுழையும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுத்து நிறுத்துங்கள். டென்ஷனரின் கையைத் திருப்பினால் பல மாடல்களில் இரண்டு துளைகள் ஒரே நேர்கோட்டில் வரும்; அதில் ஆலன் கீ ஒன்றைச் செருகிவிட்டால் கை அப்படியே நிற்கும், பெல்ட்டை எளிதாக எடுத்துவிடலாம். அந்தச் சுருள்வில்லின் விசை விரலை நசுக்கும் அளவு பலமானது என்பதால், செருகிய கீ சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் ஸ்பேனரை விடாதீர்கள்.

புல்லியின் நடு போல்ட்டை மூடிக்கொண்டு பிளாஸ்டிக்கிலோ தகரத்திலோ ஒரு சிறிய மூடி இருக்கும். அதை நெம்பி எடுத்துப் பத்திரமாக வையுங்கள். பட்டறைகளில் இது தூக்கி எறியப்படுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். பேரிங்கின் முகத்தில் சேறும் தூசியும் படாமல் காப்பது அந்த மூடிதான். போல்ட்டைக் கழற்றும் முன் அது எந்தப் பக்க மரை என்று உங்கள் மாடலுக்கான சர்வீஸ் கையேட்டில் பாருங்கள். சில டென்ஷனர்களில் இடது மரை (கடிகாரத் திசையில் திருப்பினால் கழலும் மரை) வரும். தெரியாமல் வழக்கமான திசையில் பலமாகத் திருப்பினால் போல்ட் முறியும். புதிய புல்லியைப் பழையதோடு பக்கத்தில் வைத்து விட்டம், அகலம், பின்னால் வரும் வாஷரின் கனம் மூன்றையும் ஒப்பிடுங்கள். ஒரு மில்லிமீட்டர் முன்னால் துருத்திக்கொண்டு நின்றாலும் பெல்ட் ஓரம் தேய்ந்து நூல் நூலாகப் பிரியும். போல்ட்டை முதலில் கையாலேயே சில சுற்று ஏற்றிவிட்டு, பிறகு கையேட்டில் சொல்லியிருக்கும் அளவுக்கு, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். சாதாரணமாக 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 25 நியூட்டன் மீட்டருக்கு அருகிலும், 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு அதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கும் வரும். ஆனால் அலுமினியத்துக்குள் ஏறும் மரை இதற்கும் குறைவான முறுக்கிலேயே உரிந்துவிடக் கூடும் என்பதால் கையேட்டின் எண்ணே முடிவானது.

பெல்ட்டையும் இதோடு புதிதாகவே போடுங்கள். பெல்ட்டின் முதுகில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து வாங்கினால் தவறு வராது: 6 பிகே 1200 என்றிருந்தால் ஆறு வரி, 1,200 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள். இப்போது வரும் பெல்ட்டுகள் இபிடிஎம் என்ற செயற்கை ரப்பரால் ஆனவை; பழைய ரப்பரைப்போல் வெடிப்பு விட்டுக் காட்டிக்கொடுக்காமல் வரிகளுக்கு நடுவே உள்ள பள்ளம் மெல்ல அகன்று தேய்கின்றன. ஆகவே வெடிப்பு இல்லை என்பதற்காகப் பழைய பெல்ட் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. மாட்டிய பிறகு, பள்ளம் உள்ள ஒவ்வொரு புல்லியிலும் எல்லா வரிகளும் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒரு வரி வெளியே நின்றால்கூட என்ஜினை ஓட்டிய சில நிமிடங்களில் பெல்ட் கிழிந்துவிடும். கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, என்ஜின் சுற்றும் திசையிலேயே கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

பொருள் வாங்க, சென்னையில் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜிபி ரோட்டுக்குப் போகும்போது பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். ஒரே மாடலில், ஏசி உள்ளதற்கும் இல்லாததற்கும், ஆண்டுக்கு ஆண்டும்கூட டென்ஷனர் மாறுவது உண்டு. பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் கதவும் கண்ணாடியும் பழையதாக வாங்கலாம். டென்ஷனரைப் பழையதாக வாங்க வேண்டாம். அதன் ஆயுளில் எவ்வளவு மிச்சம் என்று விற்பவருக்கும் தெரியாது.

கேள்வி: என் காரின் டென்ஷனர் புல்லியில் பேரிங் மட்டும் போயிருக்கிறது என்றும், புதிய பேரிங்கைப் பழைய புல்லியிலேயே அடித்துத் தருவதாகவும் எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் சொல்கிறார். செலவும் குறைவு. செய்துகொள்ளலாமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: புல்லி எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது, அம்மா. பிளாஸ்டிக் புல்லியாக இருந்தால் வேண்டாம் என்றே சொல்வேன். பேரிங்கைச் சுற்றி வார்த்தெடுத்த பொருள் அது. ஒரு முறை பேரிங்கை வெளியே தள்ளிவிட்டால் அதே பிடிப்பு மறுபடி கிடைக்காது, என்ஜின் சூட்டில் பேரிங் புல்லிக்குள்ளேயே நழுவத் தொடங்கும். இரும்புப் புல்லியாகவும், பேரிங் தனியாகக் கழன்று வரும்படி செய்யப்பட்டதாகவும் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். ஆனால் “அடித்து” ஏற்றக் கூடாது. சுத்தியால் அடிக்கும்போது, குறிப்பாக உள்வளையத்தில் அடி விழுந்தால், உள்ளே உருளைக் குண்டுகள் ஓடும் தடத்தில் நுண்ணிய குழிகள் விழுந்து, புது பேரிங்கே சில நாட்களில் இரையத் தொடங்கும். வெளிவளையத்தை மட்டும் தாங்கும் குழாய்த் துண்டை வைத்து, லேத்துப் பட்டறையில் பிரஸ்ஸில் மெதுவாக அழுத்தி ஏற்றச் சொல்லுங்கள்.

பேரிங் வாங்கும்போது எண்ணை மட்டும் பார்க்காமல் அதன் பின்னால் வரும் எழுத்துகளையும் பாருங்கள். இத்தகைய புல்லிகள் பலவற்றில் வரும் 6203 என்ற பேரிங்கை எடுத்துக்கொண்டால், அதன் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர். அதே அளவில் இசட்இசட் என்று முடிந்தால் இருபக்கமும் தகர மூடி. 2ஆர்எஸ் என்று முடிந்தால் இருபக்கமும் ரப்பர் சீல். நம் ஊர் மழைத் தண்ணீருக்கு ரப்பர் சீல் உள்ளதுதான் தாங்கும். மேசை விசிறிக்கும் மோட்டாருக்கும் விற்கும் மலிவான பேரிங்கும் அளவில் இதில் சரியாகவே உட்காரும். ஆனால் அதற்குள் இருக்கும் கிரீஸ் என்ஜின் அறையின் சூட்டுக்கானது அன்று. வாகனத்துக்கென்று கேட்டு, பெயர் தெளிவாகப் பொறித்த நல்ல நிறுவனத்தின் பேரிங்கை, பில்லோடு வாங்குங்கள்.

கேள்வி: 2023 டிசம்பர் புயல் மழையின்போது தேங்கிய தண்ணீரில் ஓட்டியதிலிருந்து, ஒவ்வொரு மழைக்கும் என் டீசல் காரின் பெல்ட் பக்கம் கீச்சென்று கத்துகிறது. கடையில் விற்கும் பெல்ட் ஸ்பிரே அடித்தால் இரண்டு நாள் நிற்கிறது. தொடர்ந்து அடிக்கலாமா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: அடிக்காதீர்கள். அந்தப் பிசுபிசுப்பில் தூசி ஒட்டி, வரிகளுக்கு நடுவே உப்புத்தாள்போல் அறுக்கும். சோப்புக் கட்டி தேய்ப்பதும் குங்கிலியப் பொடி தூவுவதும் இதே வகைதான். ஈரமான பெல்ட் ஓரிரு நிமிடம் கத்துவது பெரிய குற்றமில்லை. காய்ந்த பிறகும் கத்தினால் டென்ஷனர் போதிய அளவு அழுத்தவில்லை அல்லது பெல்ட் தேய்ந்துவிட்டது. தேங்கிய நீரில் ஓட்டிய வண்டியில் பேரிங்குக்குள் நுழைந்த சேற்று நீர் உடனே தெரியாது. வண்டி சில நாட்கள் நிற்கும்போது உள்ளே துருப்பிடித்து, வாரங்கள் கழித்துத்தான் சத்தம் போடும். ஆகவே வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் இருப்பவர்கள் மழைக்காலம் முடிந்ததும் பெல்ட்டைக் கழற்றி எல்லாப் புல்லிகளையும் கையால் சுற்றிப் பார்த்துவிடுவது நல்லது. வாட்டர் சர்வீஸ் செய்பவரிடமும், பிரஷர் தண்ணீரை நேராகப் புல்லியின் நடுவில் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: புதிய டென்ஷனர், புதிய பெல்ட் இரண்டும் போட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை. மறுபடியும் டென்ஷனரின் கை தடதடவென்று துள்ளுகிறது. மட்டமான பொருள் என்று கடைக்காரரோடு சண்டை போட்டுவிட்டேன். வேறு காரணம் இருக்குமா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: இருக்கும். கடைக்காரரிடம் மறுபடி போவதற்கு முன் இரண்டு இடங்களைப் பாருங்கள். முதலாவது ஆல்டர்னேட்டர் புல்லி. பல டீசல் வண்டிகளில் அதற்குள் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் கிளட்ச் இருக்கிறது. என்ஜின் தயங்கும் கணத்தில் ஆல்டர்னேட்டரைத் தன்போக்கில் சுற்றவிட்டு, பெல்ட்டில் விழும் இழுபறியைக் குறைப்பது அதன் வேலை. பெல்ட்டைக் கழற்றி, ரோட்டரை அசையாமல் பிடித்துக்கொண்டு புல்லியைத் திருப்பினால், என்ஜின் சுற்றும் திசையில் பிடிக்க வேண்டும், எதிர்த் திசையில் நழுவ வேண்டும். இரு திசையிலும் பிடித்தால் கிளட்ச் இறுகிவிட்டது. ஆல்டர்னேட்டரின் இழுபறி முழுவதும் உங்கள் புது டென்ஷனரின் மேல் விழுந்துகொண்டிருக்கிறது. செலவைக் குறைக்க யாராவது அங்கே கிளட்ச் இல்லாத சாதாரணப் புல்லியை மாட்டியிருந்தாலும் இதே விளைவுதான்.

இரண்டாவது கிராங்க் புல்லி. அது ஒரே இரும்புத் துண்டு போலத் தெரிந்தாலும், பெரும்பாலும் உள்குடத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவில் அதிர்வை வாங்க ஒரு ரப்பர் வளையம் இருக்கும். பழைய வண்டிகளில், அதுவும் ஆயில் கசிந்து படியும் என்ஜின்களில், அந்த ரப்பர் விட்டுப்போகிறது. என்ஜினை நிறுத்திவிட்டு, உள்குடத்திலிருந்து வெளிவளையம் வரை சுண்ணக்கட்டியால் நேராக ஒரு கோடு போடுங்கள். சில நாள் ஓட்டிய பிறகு பாருங்கள். கோடு நடுவில் உடைந்து விலகியிருந்தால் ரப்பர் நழுவுகிறது. அந்தப் புல்லியை மாற்றிய பிறகு, ஆயில் கசிவையும் நிறுத்திவிட்டு, அடுத்த டென்ஷனரை வாங்குங்கள்.